நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்துக்குப் பல்கலைக்கழக அணியில் என்னைச் சேர்த்தார்கள். வகுப்பிலும் முதல் மதிப்பெண் என்னுடையதுதான். அணியோடு போக மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டு ஊட்டியில் ஒரு மருத்துவரிடம் போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டுதான் துடிக்குது. தலை சுத்துதாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

ஈ.சி.ஜி. எடுத்தார். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர்ல இருதய டாக்டர்கிட்டக் காட்டிருங்க. அதுவரைக்கும் ஓட வேண்டாம்" என்றார்.

அங்கே பன்னிரண்டு நாள் தள்ளித்தான் தேதி கிடைத்தது.

அருவங்காட்டில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடுனதெல்லாம் போதுஞ் சாமி. நல்லாப் படிக்கறே, அது ஒண்ணு பத்தாதா நமக்கு?" அப்பா ஈ.சி.ஜி. தாளை ஓர் உறையில் போட்டு பீரோவில் வைத்தார்.

சரி, காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதுவும் நடக்கவில்லை. முன்பெல்லாம் ஜெகதளா ரோட்டில் தேயிலைக்கு நடுவே ஓடிவிட்டு வந்து குளித்து பஸ் ஏறினால், ஊட்டியில் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாடத்தைப் படித்து முடித்துவிடுவேன். இப்போதோ புத்தகத்தைத் திறந்தால் விரல் கழுத்துக்குப் போய்விடும். நாற்பத்து மூன்று. நாற்பத்தொன்று. நாள்பட்ட ஓட்டக்காரர்களுக்குத் துடிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று பாடத்திலேயே இருக்கிறது. நானே அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் நெஞ்சு என்று வந்ததும் அதை நம்ப முடியவில்லை. அந்த வாரம் வகுப்புத் தேர்வில் பாதித் தாளில் எதுவும் எழுதாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோயமுத்தூருக்கு அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். எக்கோ எடுத்தார்கள். பிறகு நெஞ்செல்லாம் ஒயர்களை ஒட்டி ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். அங்கிருந்த அக்கா வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

"முடியலைன்னா சொல்லும்மா."

நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு ஓடுகிறேன். பயத்தையும் மீறிக் கால்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"போதும்மா, எங்களுக்கு வேண்டியது கெடச்சிருச்சு" என்று அவள்தான் நிறுத்தினாள்.

மருத்துவர் தாள்களைப் பார்த்துச் சிரித்தார். "இது நோயில்ல. ஓடி ஓடிப் பலமான இதயம். ஒரு துடிப்புல நெறைய ரத்தத்தைத் தள்ளுது. அதனால அடிக்கடி துடிக்க வேண்டியதில்ல."

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப... ஓடலாங்களா?"

"தாராளமா."

"ஊட்டுல இவ அம்மா நம்ப மாட்டாங்க. தமிழ்ல எழுதிக் குடுத்துருங்க டாக்டர்."

அவர் மருந்துச் சீட்டில் எழுதினார்: 'நோய் இல்லை. ஓடலாம்.' திரும்பும் வழியில் மலைப்பாதை வளைவுகள் முழுக்க அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். பன்னிரண்டு நாளாக அவரும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஜெகதளா ரோட்டில் ஓடினேன்; பன்னிரண்டு நாள் ஓடாததில் பாதி மேட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். தேயிலை பறிக்கப் போன ஓர் அக்கா நின்று, "ஏ அம்மணி, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா" என்றேன். அப்படிச் சொல்வதே அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அந்த வாரமே படிப்பும் திரும்ப வந்துவிட்டது. செமஸ்டர் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தேன். போட்டியில் மூன்றாவது. முடிந்ததும் மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள்.

"நெஞ்சு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதும்மா."

"செரி, இப்பச் சொல்லு. எத்தனாவதா வந்தே?"