கேன் தண்ணியா என்று கேட்டார்கள்

உங்க அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நீங்க இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீங்க. சாயங்காலம் வந்ததும் ஆளாளுக்கு ஒரு மாதிரி கதை சொன்னாங்க. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

நம்ம மயிலாப்பூர் சந்தில் வீட்டுக்கு வீடு தண்ணி கேன் வந்துவிட்டது. நம்ம வீட்டில் மட்டும் அது நிரந்தரமாக உட்காரவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை விரித்துப் போடுகிறவன் நான். அங்கே குடிப்பது கேன் தண்ணிதான். தாகம் அடங்கும், ஆனால் குடித்த மாதிரியே இருக்காது. காலையில் பம்பில் அடித்துக் காய்ச்சி எவர்சில்வர் குடத்தில் ஆற வைத்த மெட்ரோ தண்ணியை வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் குடித்தால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்தது போல இருக்கும்.

பழக்கம்தான், ஒத்துக்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவன் இல்லை. விடியற்காலையில் பம்பு அடிக்கும்போது முதல் குடம் வாசல் தெளிக்கத்தான். அடுத்ததைக் கையில் பிடித்து மோந்து பார்ப்பேன். மழைக்காலத்தில் சாக்கடை வாடை வந்தால் அன்றைக்கு நானே போய்க் கேன் வாங்கி வருவேன். வாடை இல்லை என்றால் வேட்டித்துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க விடுவேன். அந்த வேலையை உங்க அம்மா தலையில் கட்டினதே இல்லை.

தரகர் சொல்லி கே.கே. நகரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் உங்க அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாய்யா, அவங்க முன்னாடியும் உன் பம்பு தண்ணியத்தான் நீட்டுவியா? ஒரு கேன் போட்டா உன் கவுரவம் இன்னா குறைஞ்சிடுமா?"

"சின்ன பாட்டில் வாங்கி ஆளுக்கு ஒண்ணு வெச்சிடலாம் நைனா. மண்டபத்துல இலைக்கு ஒண்ணு வெக்கிறாங்களே" என்றாள் அக்கா.

"கல்யாணம் நடக்கும்போது மண்டபத்துல வெச்சிக்கலாம். வீட்டுக்கு வர்றவங்களுக்கு நாம குடிக்கிறதத்தான் குடுக்கணும்."

"கல்யாணம் நடக்கணும்ல நைனா!"

கடைசியில் அக்காவே இறங்கி வந்தாள். "சரி, டம்ளர்லயே குடு. அவங்க கேட்டா மட்டும் கேன் தண்ணின்னு சொல்லிடு. ஒரே வார்த்தை."

அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. போட்டோவை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்காக அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் உறவாக வரப்போகிறவர்களுக்கு முதல் வாய் தண்ணியிலேயே பொய்யா? டம்ளர்களைத் துலக்க ஆரம்பித்தேன்.

வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. நான் தட்டில் டம்ளர்களை வைத்து நீட்டினேன். பையனின் அம்மா ஒன்றை எடுத்து வாய்கிட்ட கொண்டுபோய் நிறுத்தி, "கேன் தண்ணியா?" என்றார்.

சமையலறைக் கதவோரம் அக்காவின் வளையல் சத்தம் நின்றது. ஆமாம்னு சொல்லு நைனா என்று அவள் கண் கெஞ்சியது.

"இல்லம்மா. மெட்ரோ தண்ணி. நான்தான் காய்ச்சினேன்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பையைத் திறந்து தன்னுடைய பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "எனக்கு ஒத்துக்காதுங்க, தப்பா நினைக்காதீங்க" என்றார். அவர் கணவர், எடுத்த டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். உங்க அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் இந்தக் காகிதம் பத்திக்கும்.

பிறகு அக்கா காபி கொண்டுவந்தாள். பையனின் அம்மாவுக்கு ஒரு வாய் குடித்ததும் முகம் மலர்ந்தது. "டிகாக்ஷன் நல்லா இறங்கியிருக்கு. நீயே போட்டியாம்மா? இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா?"

உங்க அம்மாவுக்கு உயிர் வந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒத்துக்காது என்று வாய்விட்டுச் சொன்னவருக்குத் தெரியாமல் அதையே ஊற்றிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஒரு நிமிஷம்மா. காபியும் அதே தண்ணிலதான் போட்டது."

"ஐயோ, இந்த ஆளு..." என்று உங்க அம்மா முனகியது எல்லார் காதிலும் விழுந்தது.

அவர் டம்ளருக்குள் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "காபி வேற, தண்ணி வேறங்க" என்று சொல்லிவிட்டு, டம்ளரை அக்காவிடம் நீட்டி அந்த அரை டம்ளரையும் வாங்கிக் குடித்தார். அவர் கணவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தண்ணி வேட்டியில் கொட்டியது.

கிளம்பும்போது பையனின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே உங்க அம்மாவிடம் சொன்னார்: "கேக்காததையும் சொல்றாருங்க உங்க வீட்டுக்காரர். இனிமே நடுவுல தரகர் வேணாம், நேராவே பேசிக்கலாம்."

அக்கா கல்யாணத்தில் இலைக்கு ஒரு பாட்டில் வைத்தோம். நான் தடுக்கவில்லை. நீங்க நாளைக்குக் கேனுக்கே மாறிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. யாராவது டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்க.

சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனால் கேன் தண்ணி கொடுப்பார்கள். மறுபேச்சு இல்லாமல் குடிப்பேன். அவர் நம்ம வீட்டுக்கு வந்தால் முதலில் டம்ளரைத்தான் வைப்பேன். இப்போதெல்லாம் என்ன தண்ணி என்று கேட்பதில்லை. சிரித்துக்கொண்டே பையிலிருந்து பாட்டிலை எடுப்பார், அப்புறம் காபி கேட்பார். அடுத்த தடவை வரும்போதும் அந்த டம்ளரை வைப்பேன்.