மூன்று நாள் நான் மூடிய வால்வு

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். திருச்சுழிப் பக்கம் எவனும் சீண்டாத கருவேலங்காட்டை வேரோடு பிடுங்கி எட்டு ஏக்கர் பருத்தி நிலமாக்கினேன். மூன்று போர்வெல் பொய்த்துப்போய், ஊரே கிறுக்கன் என்று சொன்ன பிறகு நாலாவதில் தண்ணீர் எடுத்தேன். அருப்புக்கோட்டையில் மாடி வீடு கட்டினேன். மகனை இன்ஜினியராக்கி வளைகுடா நாட்டுக்கு அனுப்பினேன். இதில் எதற்கும் ஒருத்தரும் கைகொடுத்ததில்லை. எனக்காக ஒருவன் வாயைத் திறக்காமல் நின்றது வெளிநாட்டில்தான்.

மனைவி இறந்துபோன பிறகு மகன் என்னைக் கூட்டிப்போய் சில மாதம் தன்னோடு வைத்துக்கொண்டான். அவன் குடியிருந்த கட்டிடத்துக்குக் கீழே ஒரு பூங்கா. புதிதாகப் புல் பதித்திருந்தார்கள். உச்சிவெயிலில் ஸ்பிரிங்ளர் சுற்றும். பாதித் தண்ணீர் நடைபாதையில் ஓடும். எங்கள் ஊரில் மத்தியானத்தில் எவனாவது தண்ணீர் பாய்ச்சுவானா? ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் வால்வைத் தேடிப் பிடித்து இறுக மூடினேன். தூரத்தில் நின்ற தோட்டக்காரன், வங்காளதேசத்துப் பையன், முப்பது வயதிருக்கும், கையை ஆட்டினான். நன்றி சொல்கிறான் என்று நானும் ஆட்டினேன்.

இப்படி மூன்று நாள். அவன் திறந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவான். நான் இறங்கி வந்து மூடுவேன்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. மகனோடு கடையிலிருந்து வருகிறேன், புல் வைக்கோலாய்க் கிடக்கிறது. மேற்பார்வையாளர் தோட்டக்காரனை நிற்கவைத்து இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னடா சொல்றாரு?"

"புதுப் புல்லுக்கு இவன் தண்ணியே விடலையாம். நாளைக்கே ஊருக்கு ஏத்திவிட்டுருவேங்குறாரு."

"அவன் விட்டானே! மூடுனது நாந்தானே!"

மகன் முகம் செத்துப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, வெளிய மூச்சு விட்டுராதீக. போலீசு கீலீசுன்னு போனா என் வேலையே போயிரும்."

"அப்ப அவனுக்குப் போகலாமோ?"

கையை உதறிவிட்டு நேரே போனேன். வால்வை மூடிக் காட்டி, என் நெஞ்சில் தட்டினேன். மேற்பார்வையாளர் என் வேட்டியைப் பார்த்தார்.

"தமிழா? நமக்கு நாகர்கோவிலு. என்ன பெரியவரே, புல்லுக்கும் உமக்கும் என்ன பகை?"

"பகையில்லய்யா. மத்தியானத்துல தண்ணி விட்டா மண்ணு குடிக்குமா, வெயிலு குடிக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. தோட்டக்காரனிடம் ஏதோ கேட்டார். அவன் குனிந்தபடியே பதில் சொன்னான். அதை அவரே எனக்குத் தமிழில் சொன்னார்: "மொத நாளே உம்மப் பாத்துட்டானாம். சொன்னா உம்ம பிள்ளைக்குச் சிக்கலு வரும்னு சொல்லலியாம். அவன் ஊருல வெள்ளத் தண்ணி வந்தா வீட்ட விட்டு ஓடுவாங்களாம். தண்ணியக் காப்பாத்த வெயில்ல ஓடி வார ஆள இப்பத்தான் பாக்கானாம்."

ஊர் பேர் தெரியாத ஒரு கிழவனுக்காகத் தன் பிழைப்பைப் பறிகொடுக்க நின்றிருக்கிறான்.

"அவன அனுப்பாதீக. புல்ல நான் தழைய வச்சுத் தாரேன்" என்றேன். மேற்பார்வையாளர் பத்து நாள் தவணை தந்தார். விடிகாலையும் பொழுது சாயும்போதும் அவனோடு நின்று தண்ணீர் பாய்ச்சினேன். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. எட்டாம் நாள் புல் பச்சை பிடித்தது. அவன் வேலையில் நீடித்தான்.

இப்போது மகன் லீவில் வரும்போதெல்லாம் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறான். நான் வால்வை மூடினது வரும், கையாட்டினது வரும். தோட்டக்காரன் தங்கமான ஆள் என்பான். சொல்லத்தான் வேண்டும், அந்தப் பிள்ளையைப்போல ஒருவனை நான் பார்த்ததில்லை. ஆனால் நான் கையை உதறிவிட்டுப் போனது மட்டும் மகன் கதையில் வருவதே இல்லை. சொன்னால், நீ எங்கே நின்றாய் என்று கேட்டுவிடுவார்களே!

தோட்டக்காரன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. இனிமேல் சொல்கிறவன் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.