தீபாவளிக்கு வெள்ளையடிக்காத சுவர்

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கிளினிக்கில் என் மானம் போனது. வாங்கியவள் நான் பெற்ற மகள்.

கவினாவுக்கு எட்டு வயது. கொஞ்ச நாளாகவே விடாத இருமல். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில். டாக்டர் கேட்டார்: “வீட்டுச் சுவத்துல பூசணம் இருக்கா?”

“சேச்சே... இல்ல டாக்டர்!” என்றேன், கம்பீரமாக.

“இருக்கு டாக்டர். என் ரூம்ல. அப்பா அலமாரிய நகர்த்தி மறைச்சு வச்சிருக்காரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கிளினிக் கூரை... படு சுத்தம்.

“மருந்து நான் தர்றேன் சார். சுவத்த நீங்கதான் பார்க்கணும்.”

மலேசியாவில், கோல சிலாங்கூரில் எங்கள் வீடு. ஆறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், மழை தலைக்கு மேல். ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கறுப்பின் மேல் வெள்ளை பெயிண்ட் அடிப்பேன். தைப்பூசத்துக்குள் மறுபடி எட்டிப் பார்க்கும். என் தலைமுடிக்கு டை அடிக்கும் அதே தத்துவம்தான்!

போதாததற்கு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டிவிட்டு, ஈரத் துணியை அவள் ரூமிலேயே காயப்போட்டேன். பூசணத்துக்கு நானே சோறூட்டி வளர்த்திருக்கிறேன்.

இந்த வருஷமும் தஞ்சோங் காராங்கிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவி சாந்தியின் அண்ணன். கையில் பெயிண்ட் டின்.

“மாப்ள, ரெண்டு கோட் அடிச்சு விட்டா யாருக்குத் தெரியும் லா?”

“கவினா நெஞ்சுக்குத் தெரியும்ணே” என்றாள் சாந்தி.

டின்னை வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்டினேன். போதும் இந்தப் பூச்சு வேலை!

அலமாரியை இழுத்துப் பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சுவருக்குள் ஓடும் அதன் பைப் கசிந்துகொண்டிருக்கிறது. முதலில் ஆள் வைத்து அதைச் சரி செய்தேன். கவினாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். மாஸ்க், கையுறை, திறந்த ஜன்னல்... என் போர்க்கோலத்தைப் பார்த்துத் தெரு நாயே குரைத்தது. ஊறிப்போன காரையைச் சுரண்டிப் பையில் கட்டினேன். மிச்சத்தை சோப்புத் தண்ணீரால் தேய்த்தேன்.

நடுவில் என் மூளை வேலை செய்தது. பிளீச்சையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் என்ன?

“ஏங்க, அந்தப் புகைய மோந்தா சுவத்துக்கு முன்னாடி நீங்க போயிருவீங்க!” என்று சாந்தி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால்தான் இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன்.

சுவர் காயவில்லை. தீபாவளி வந்துவிட்டது. பெயிண்ட்? மாட்டேன். அந்த ரூம் கதவையும் சாத்த மாட்டேன். வெறும் சிமெண்ட்டோடு, சொறி பிடித்த மாடு மாதிரி நின்றது சுவர்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார் விருந்துக்கு வந்த பெரியம்மா. “ஏன்யா, நல்ல நாளும் அதுவுமா... பெயிண்ட் வாங்க டுயிட் இல்லியா?”

“காசு இருக்கு பெரியம்மா. சுவரு காயுது.”

வருகிறவர்கள் கண்ணுக்காகவே வீட்டை வைத்திருக்கிறோம். உள்ளே மூச்சு விடுகிறவர்களை யார் கேட்டோம்? வருஷத்துக்கு ஒரு நாள் வந்து முறுக்கு தின்கிறவருக்கு வெள்ளைச் சுவர். வருஷம் முழுக்கத் தூங்குகிற பிள்ளைக்குப் பூசணமா? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்... பலகாரம் தீரும்வரை!

கவினாவுக்கு மருந்து தொடர்கிறது. விசில் முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் இழுத்துப் போய், “எங்க அப்பா சுரண்டுன சுவரு!” என்று காட்டினாள். எனக்கு இதுவரை யாரும் போர்த்தாத பொன்னாடை அது.

கிளம்பும்போது மச்சான் என்னை ஓரமாக இழுத்தார். குரல் இறங்கியிருந்தது.

“மாப்ள... எங்க வீட்டுலயும் அலமாரிக்குப் பின்னால கொஞ்சம்...”

சுரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். பெயிண்ட் டின்னா? சுவர் காயட்டும் மச்சான், அப்புறம் பார்க்கலாம்!