ஆள் இறங்கின விறகு

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் கோவில்பட்டிக்கு வந்தால் வீட்டையே காட்டுகிறேன். பின்கட்டில் அந்த அடுப்பு அப்படியே இருக்கிறது. போன கார்த்திகைக்குப் பிறகு அதன் பக்கத்தில் ஒரு தீக்குச்சிகூட நாங்கள் கிழித்ததில்லை.

என் சொந்த ஊர் தூத்துக்குடி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். எட்டயபுரம் ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்கும் இடத்தில் வாடகை வீடு. அப்போது என் மனைவி முத்துசெல்விக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள். ஆண் பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளையின் உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது. பிள்ளை மூச்சில் புகை ஏறக் கூடாது.

குளிர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டார்.

மாமனார் மாமியார் இல்லை. உதவிக்கு முத்துசெல்வியின் அக்கா யோகலட்சுமி கடம்பூரிலிருந்து வந்திருந்தார். மதினிக்கு வாய் அதிகம். கையும் சுறுசுறுப்பு. பிரசவ உடம்புக்கு விறகடுப்பு வெந்நீர்தான் நல்லது என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். வீட்டுப் பின்கட்டில் புகைபோக்கி வைத்த சின்ன சிமெண்ட் அடுப்பு சும்மா கிடந்தது. லோடு வண்டிக்காரன் காளிராஜிடம் விறகு கேட்டேன்.

அன்று மத்தியானமே கொண்டுவந்து இறக்கினான்.

"கருவேல விறகு அண்ணாச்சி. எலும்பு கணக்கா காஞ்சிருக்கு. பொகையே வராது."

"எந்த ஊரு விறகு?"

"இடைசெவலத் தாண்டி உள்ளுக்குள்ள ஒரு ஊரு. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாவ."

யார் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வழக்கமாக ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவன், அன்று நிற்காமல் வண்டியை எடுத்தான்.

விறகைக் கோடாலியால் பிளந்தேன். பட்டை இடுக்கிலிருந்து ஏதோ உதிர்ந்தது. குனிந்து பார்த்தேன்.

பச்சரிசி.

"எலி கொண்டாந்து வச்சிருக்கும் தம்பி," என்றார் மதினி.

அடுத்த கட்டையிலும் அரிசி. அதற்கடுத்ததிலும். கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடி தேறியது. ஒரு கட்டையில் லேசாக நெய் வாசம்கூட வந்தது.

நாலு மணிக்கு கேஸ் தீர்ந்துபோனது. சிலிண்டர் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். ஐந்தரைக்கு மழை பிடித்தது. ஆறே காலுக்குக் கரண்டும் போய்விட்டது.

வாடைக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முத்துசெல்வி உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க… இவன் கால் ஐஸா இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். இரண்டு பாதமும் குளிர்ந்து, நீலம் பாரித்திருந்தது. பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். வெந்நீர் வைத்துத் துணி சூடுபண்ணிக் கொடுக்க வேண்டும். உடனே வேண்டும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கூரையில் தொங்கிய சாக்கையும் துணிகளையும் அப்புறப்படுத்தினேன். பின்கட்டு ஜன்னலை முழுக்கத் திறந்தேன். உள்ளறைக் கதவைச் சாத்தினேன். அடுப்புச் சாம்பலை வழித்தேன். காற்று போக இடம் விட்டு மூன்று கட்டைகளை வைத்து, அடியில் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளைச் சொருகினேன். ஈரக் காற்றுக்குப் புகைபோக்கி இழுக்காது. அதனால் ஒரு காகிதத்தைக் கொளுத்தி அதன் வாயில் முதலில் காட்டினேன். காகிதம் விர்ரென்று மேலே போனது. நல்ல இழுவை.

பருத்திமாரைப் பற்றவைத்தேன். சடசடவென்று எரிந்தது. எரிந்து முடிந்தது.

கட்டைகளில் கறுப்புகூட ஏறவில்லை.

இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது.

"தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குதீய," என்றார் மதினி. "ஒரு அடுப்பப் பத்தவைக்கத் தெரியல. கொஞ்சம் மண்ணெண்ணெய ஊத்துங்க."

"வேண்டாம் மதினி. குப்புன்னு மூஞ்சில அடிக்கும்."

"அப்போ ஒரு சட்டியில தணல் போட்டு அவ ரூம்ல வச்சுருவோம். கதவச் சாத்துனா கதகதன்னு இருக்கும்."

"சாத்துன ரூம்ல தணல் வச்சா, தூங்குறவங்க எந்திரிக்க மாட்டாங்க. தணலுக்கே இங்க வழியக் காணோம்."

அப்போது பிள்ளை வீறிட்டான்.

நான் சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பினேன். கையில் எரிகிற பருத்திமார் குச்சி. திரும்பிய வேகத்தில் அது பின்னால் போய் அடுப்பில் இடித்தது.

குப்…

முதுகெல்லாம் சூடு. திரும்பிப் பார்த்தேன். மூன்று கட்டையும் ஒரே நேரத்தில், முனையிலிருந்து முனை வரை எரிந்துகொண்டிருந்தது. துளி புகை இல்லை. சத்தமும் இல்லை.

விறகு எரிந்தால் வெடிக்கும், சீறும். இது பேசாமல் எரிந்தது.

மதினி தண்ணீர்ப் பானையைத் தூக்கி மேலே வைத்தார். மணி ஆறே முக்கால்.

பிறகு அந்தச் சத்தம். முதலில் காற்று என்று நினைத்தேன். புகைபோக்கிக்குள்ளிருந்து வந்தது. முனகல்.

"காலு… காலு…"

மதினி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன்.

"தெருவுல யாராவது குடிச்சிட்டுப் போவான்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஏங்க!"

முத்துசெல்வி.

"இவன் கால் சுடுது!"

ஓடினேன். பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தாள். பாதத்தைத் தொட்டேன். கையை இழுத்துக்கொண்டேன். உடம்பு வேர்க்கவில்லை. நெற்றி சில்லென்றுதான் இருந்தது. பாதம் மட்டும்… அடுப்பில் போட்ட செங்கல்.

"காய்ச்சலா?"

"காய்ச்சல் கால்லயா வரும்?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஏறியது. கணுக்காலுக்கு. அங்கிருந்து கெண்டைக்காலுக்கு.

பின்கட்டிலிருந்து மதினி கத்தினார்.

"தம்பி… இந்தக் கட்டை ஒரு முனையில இருந்து நீறாயிக்கிட்டே போவுது."

கட்டை நீறாக நீறாகத்தான் பிள்ளை காலில் சூடு ஏறுகிறது என்று எனக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள்.

தீயை எடுக்க வேண்டும்.

எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் ஆவி முகத்தை அவித்துவிடும். இடுக்கியை எடுத்தேன். முதல் கட்டையைப் பிடித்து ஜன்னல் வழியே முற்றத்துச் சேற்றில் எறிந்தேன்.

கொட்டுகிற மழை.

கட்டை அணையவில்லை.

இரண்டாவதையும் எறிந்தேன். "முழங்கால் வரைக்கும் ஏறிட்டு," என்று முத்துசெல்வி அழுதாள்.

மூன்றாவது கட்டை.

வரவில்லை.

இழுத்தேன். உள்ளே யாரோ மறுமுனையைப் பிடித்திருந்தது போல… இழுத்தால், அதுவும் இழுத்தது.

"காலு… காலு…"

இப்போது அது முனகல் இல்லை. அலறல்.

"தம்பி, விட்டுராதீய!"

மதினி என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

உள்ளறையில் 'தொம்' என்று ஒரு சத்தம்.

கட்டை வந்துவிட்டது.

எறிந்தேன். மூன்றும் ஒன்றாக அணைந்தன.

இருட்டு.

மழைச் சத்தம் மட்டும்.

டார்ச்சோடு உள்ளே போனேன். முத்துசெல்வி பாயில் உட்கார்ந்தபடி உறைந்திருந்தாள். பிள்ளை பாயில் இல்லை. இரண்டு முழம் தள்ளி, சுவரோரத்தில் கிடந்தான். பதினோரு நாள் பிள்ளை. புரளத் தெரியாத பிள்ளை.

"நான் தொடல," என்றாள். "சத்தியமா நான் தொடலங்க. என் கண் முன்னால… அவனே போனான்."

தூக்கினேன். கால் இதமான சூட்டில் இருந்தது. சிவப்பு இல்லை. கொட்டாவி விட்டான்.

நாங்கள் யாரும் தூங்கவில்லை. கரண்டு வந்த பிறகும் தூங்கவில்லை.

விடிந்ததும் காளிராஜைத் தேடிப் பிடித்தேன். அது யார் வீட்டு விறகு என்று மட்டும் கேட்டேன். அவன் முகம் செத்துப்போனது.

"எனக்கு அந்த ஊரு இல்ல அண்ணாச்சி. ஊர்ல யாரும் தொட மாட்டேங்காவ, எடுத்துட்டுப் போன்னாவ. விறகுதானேன்னு எடுத்தேன்."

மிச்ச விறகையும் முற்றத்தில் கிடந்த மூன்று கட்டைகளையும் அவன் வண்டியிலேயே ஏற்றினோம். பிள்ளையை மதினியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஏறினேன். இடைசெவலைத் தாண்டி, மழையில் ஊறிய கரிசல் பாதை. சக்கரத்தில் மண் அப்பி, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம்.

விறகுக்குச் சொந்தக்காரர் பெயர் சங்கரபாண்டி. ஐம்பது வயதிருக்கும். வண்டியில் விறகைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத யாரு வீட்டுல எரிச்சீய?"

"எங்க வீட்டுல. நேத்து சாயங்காலம்."

"ஆறே முக்காலுக்கா?"

தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னது இதுதான். ஒன்பது நாளுக்கு முன்னால் அவர் அப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. நாடி பார்த்தவர்கள் முடிந்தது என்றார்கள். குளிப்பாட்டி, தூக்கிக்கொண்டு போய், விறகில் படுக்க வைத்து, எல்லோரும் வாய்க்கரிசி போட்டு, நெய்யும் ஊற்றிவிட்டார்கள்.

"முதுகக் காட்டிக்கிட்டுக் கொள்ளிய நீட்டிட்டேன் சார். தீ விறகுல படுறதுக்கு முன்னால… இருமல் சத்தம். விறகு மேல எங்கப்பா இருமுதாவ."

உயிரோடு வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். விறகு மட்டும் அங்கேயே நின்றது. ஆள் இறங்கின விறகை அந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள்.

"நேத்து ஆறே முக்காலுக்குக் கத்த ஆரம்பிச்சாவ. காலுதுந்தி, காலுதுந்தின்னு. எங்க வீட்டுல தெலுங்குதான் பேசுவோம். சுடுது, சுடுதுன்னு அர்த்தம்."

உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் ஒரு கிழவர். முழங்கால் வரைக்கும் இரண்டு காலிலும் வாழையிலை சுற்றியிருந்தது. இலைக்கு வெளியே தெரிந்த விரல்களில் கொப்புளம்.

அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். மகனிடம் இல்லை. என்னிடம்.

நான் சங்கரபாண்டியைப் பார்த்தேன்.

"என்ன சொல்லுதாங்க?"

"எனக்கே வெளங்கல சார். 'எனக்காவக் கத்தல'ங்காவ. 'பக்கத்துல ஒரு பச்சப்புள்ள படுத்திருந்துச்சு. அதுக்கு நெருப்பு ஏறுது, யாருக்கும் கேக்கல. காலால எத்தித் தள்ளிவிட்டேன்'ங்காவ."

எனக்குப் பிள்ளை இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. காளிராஜும் வண்டியை விட்டு அந்த வீட்டுக்குள் வரவில்லை.

கிழவர் மறுபடி பேசினார். இந்தத் தடவை சுருக்கமாக.

"'விறக எறக்கிட்டுப் போ. இனி எனக்குத்தான்'ங்காவ. 'கொள்ளி வைக்கிற அன்னைக்குப் புள்ளயத் தூரமாக் கொண்டு போயிரு'ங்காவ."

விறகை இறக்கிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில் சங்கரபாண்டி போன் செய்தார். அப்பா போய்விட்டார். சாயங்காலம் எடுக்கிறோம்.

அடுத்த அரை மணி நேரத்தில் கார் பிடித்தோம். தூத்துக்குடியில் என் அண்ணன் வீடு. இடையில் அறுபது கிலோமீட்டர். போதும் என்று நினைத்தோம்.

சாயங்காலம் முத்துசெல்வி மடியில் பிள்ளை தூங்கினான். நான் அவன் இரண்டு பாதத்தையும் என் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி தாண்டியது.

பாதம் இதமாகத்தான் இருந்தது… முதலில்.

பிறகு, என் உள்ளங்கைக்குள், மெல்ல… சூடேறியது.