வேண்டாம் என்று சொன்ன வேலை

ஏனாத்தூர் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போது, ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். ஒரு மதியம், உற்பத்தி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்த வகுப்புத் தோழி ரேவதி மயங்கி விழுந்தாள்.

ஓடி வந்த சூப்பர்வைசர், "ஓரமா படுக்க வைங்கப்பா, லைன் நிக்கக் கூடாது" என்றார். நான் அவளைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுப்பதற்குள், எங்கள் இடத்தில் வேறு இருவரை நிறுத்திவிட்டார்கள்.

படிப்பு முடியும் நேரத்தில் அதே நிறுவனம் எனக்கு வேலை தர முன்வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அந்த நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"எப்பம்மா ஜாயின் பண்றே?"

"வரலை சார்" என்றேன். ரேவதி விழுந்ததைச் சொன்னேன்.

"இதுக்கெல்லாமா வேலைய விடுவாங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய பயம் அப்பாதான். தறியில் நெய்துகொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறிச்சத்தம் நின்றது. திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றேன்.

"அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்குதாம்மா?"

"இருக்குறாப்பா."

"சரி, போய் சாப்டு. வேற வேலை பாத்துக்கலாம்."

வேறு வேலை கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. அதுவரை பயந்துகொண்டேதான் இருந்தேன். இன்று என் அலுவலகத்துக்கும் மாணவிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். யாருக்காவது முகம் வாடினால், எழுந்து போய், "உக்காரும்மா" என்கிறேன்.