போனக்காட்டு ஜீப்பில் ஒரு காலி சீட்

போனக்காட்டுக்கு எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே பாழடைந்து கிடக்கும் பங்களாவைப் பார்க்க வேண்டும். அதில் பேய் இருக்கிறதாம். நான் போனது வேறு காரியத்துக்கு. வழி ஒன்றுதான் என்பதால் போன விதத்தையும் ஆன செலவையும் முழுதாக எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை வைத்திருக்கும் என் நண்பரின் மகள் பகவதி, மருத்துவர். மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு சுகாதார நிலையத்துக்கு நான்கு மாதமாக அவர்தான் தலைமை. மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை அங்கிருந்து ஒரு குழு மேலே தோட்டத்துக்குப் போய், பழைய லயம் ஒன்றின் கோடி அறையில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நோயாளிகளைப் பார்க்கும். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் வம்சத்தார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தோட்டம் முன்போல் ஓடவில்லை. இளையவர்கள் நகரத்துக்கு ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் இறங்கிவிட்டார்கள்.

மேலே வைத்தியத்துக்கு வரும் கூட்டம் மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தது. கீழே இருக்கும் நர்சுகளோ கீழே இருக்கும் வேலைக்கே போதவில்லை. மலைமேல் போவதைத் தொடர்வதா, நிறுத்திவிட்டு எல்லாரையும் அடிவாரத்துக்கு வரச் சொல்வதா என்று பகவதி முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தவர் அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூட இருந்தேன்.

"வர்ற புதன் மேல போறேன். பார்த்துட்டுத்தான் முடிவு. அங்கிளும் வாங்களேன். போகும்போது ஜீப்பு நிறைய மருந்துப் பெட்டி, இடம் இல்ல கேட்டோ. பஸ்ல வந்திருங்க. திரும்பும்போது ஒரு சீட் காலியாத்தான் இருக்கும்."

"அவனக் கூட்டிட்டுப் போனா பேப்பர்ல போட்டிருவான்," என்றார் நண்பர்.

"ரிட்டயர் ஆயாச்சு அல்லவா அப்பா. இனி எங்க போடுறது?"

இங்கே போடலாம் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை விடியும் முன்பே பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத் தம்பானூருக்கு நடந்தேன். 5.40க்கு நெடுமங்காடு வழியாக விதுரா போகும் அரசுப் பேருந்து. ஏறத்தாழ 37 கிலோமீட்டர், டிக்கெட் 43 ரூபாய். 7.10க்கு விதுரா. நிலையத்துக்கு எதிர்க் கடையில் புட்டும் கடலையும் பால் விடாத கட்டன் சாயாவும் சேர்த்து 60 ரூபாய். புட்டு ஆவி பறந்தது. கடலையில் காரம் குறைவு. அங்கிருந்து போனக்காட்டுப் பேருந்து 7.50க்குப் புறப்பட்டது, டிக்கெட் 30 ரூபாய். இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான்.

கண்டக்டர் என்னையும், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தார். "பேய் பங்களாவுக்கா சாரே?"

"அவங்க அதுக்கு. நான் டாக்டரைப் பார்க்க."

"டாக்டரைப் பார்க்க எல்லாரும் கீழோட்டுப் போகும். சார் மேலோட்டா?" என்று சில்லறையைக் கையில் வைத்தார்.

காணித்தடத்தில் வனத்துறைச் சாவடி. அடையாள அட்டை கேட்டார்கள், காட்டினேன், விட்டார்கள். அதற்குமேல் சாலை குறுகி வளைந்து வளைந்து ஏறுகிறது. மழை விட்டு நான்கைந்து நாள்தான் ஆகியிருந்ததால் பாறைகளெல்லாம் வழிந்துகொண்டிருந்தன. மரக்கிளைகள் பேருந்தின் கூரையைத் தடவின. டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். 9.10க்குக் கடைசி நிறுத்தம். அங்கிருந்து லயத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வெயில் இருந்தது, காற்று குளிர்ந்தது. கவாத்து வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடப்பது நன்றாகவே இருந்தது.

லயத்து முற்றத்தைப் பார்த்ததும் நான் தவறான நாளில் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். கூட்டம் குறைகிறது என்றல்லவா சொன்னார்கள்? பெஞ்சு நிறைந்து, சுவரோரமாக வரிசை நீண்டு, கோழிக்கூடுவரை போயிருந்தது. எல்லாரும் குளித்து, பவுடர் பூசி, ஓணத்துக்கு எடுத்த உடுப்பில் இருந்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் ஜெயராணி. ஆஷா பணியாளர், அதாவது வீடு வீடாகப் போய் உடல்நலம் விசாரித்து மேலிடத்துக்குச் சொல்பவர். அந்த லயத்திலேயே பிறந்தவர், வயது ஐம்பதுக்கு மேல். என்னையும் மாணவர்களையும் கண்டதும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார்.

"வாங்க சார். வாங்க தம்பி. மலையேறி வந்திருக்கீங்க, ஒரு பிரஷர் பாத்துக்கிடலாம். ஒக்காருங்க."

"நாங்க பங்களா பார்க்க வந்ததாணு சேச்சி," என்றான் ஒருவன்.

"பங்களா எங்க ஓடப் போவுது? பேயும் ராத்திரிதான் வரும். ஒக்காருங்க."

உட்கார்ந்தோம். மலை உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். சுக்குக் காப்பி வேறு வந்தது.

பத்துக்குச் சற்று முன் ஜீப் வந்தது. பகவதியும் நர்சும் பெட்டிகளை இறக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வரிசை நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் அது மருத்துவமனை வரிசையாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் முருகன், நகரத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், லீவில் வந்தவர். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது.

"என்ன சுகக்கேடு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"காய்ச்சல், தலைவலி?"

"கெடையாது."

"பின்னே எதுக்கு வந்தீங்க?"

முருகன் வாசலில் நின்ற ஜெயராணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். "கூட்டம் கொறஞ்சா நிப்பாட்டிருவீங்கன்னு சொன்னாங்க. லீவுல சும்மாதான் இருக்கேன். ஒரு தலை கூடட்டுமேன்னு..."

அடுத்து நான். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு முறை பார்த்தார். பகவதியும் எட்டிப் பார்த்தார். "அங்கிள், இன்னைக்கு வந்ததுல சுகமில்லாத மொத ஆளு நீங்கதான்," என்றார். சிரிக்கவில்லை. எழுந்து முற்றத்துக்கு வந்தார்.

"ஜெயராணி அக்கா, சுகர் இருக்கறவங்க எல்லாம் எங்க? தங்கப்பழம் அக்கா எங்க? போன மாசமும் காணலயே."

சுவரோர வரிசை மெல்லக் கலைந்து பக்கத்தில் வந்து நின்றது.

"டாக்டரே, தப்பா நெனைக்காதீங்க," என்றார் ஜெயராணி. "முடியாதவங்கள உள்ள விட்டா ஒரு ஆளுக்கு அர மணி நேரம் எடுக்கீங்க. ஒரு மணிக்குப் பெட்டியக் கட்டிருவீங்க. பத்துப் பேரு தேறாது. சொகமா இருக்கவங்கன்னா சடசடன்னு நகரும்லா? அதான் முடியாதவங்கள அடுத்த மாசம் வாங்கன்னு வீட்ல இருக்கச் சொல்லிட்டேன்."

"அடுத்த மாசம் நான் வரணுமே."

"அதுக்குத்தான இந்தக் கூட்டம்."

முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகக் காரியத்தைக் கைவிட்ட பெரிய அலுவலகங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கேட்டால் இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை.

பகவதி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நர்சிடம் பையை எடுக்கச் சொன்னார். "வாங்க அக்கா. வீட்டக் காட்டுங்க."

தங்கப்பழத்தின் வீடு மேல் லயத்தில், பத்து நிமிட ஏற்றத்தில் இருந்தது. நானும் பின்னால் போனேன். மாணவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களோடு வந்தார்கள். தங்கப்பழம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் சேலைத் தலைப்பை எடுத்துப் பாதத்தின் மேல் போட்டார்.

"ஏட்டி ஜெயராணி, டாக்டர எதுக்கு இங்க கூட்டியாந்த? கீழ ஆளுங்க காத்துக் கெடப்பாங்கள்லா?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் பகவதி. "துணியை எடுங்க."

ஓணத்துக்கு முந்தைய வாரம் தேயிலைக் கட்டை குத்திய காயம். மஞ்சளும் துணியுமாகக் கட்டி வைத்திருந்தார். பெருவிரல் வீங்கிச் சீழ் கோத்து, சிவப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. வலி அதிகம் இல்லை என்றார். வலி தெரியாததுதான் பயம் என்றார் பகவதி.

"இன்னைக்கே கீழ ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரெண்டு நாள் போனா விரல் போகும். அதுக்கும் மேல போனா எவ்வளவுன்னு எனக்கே சொல்லத் தெரியாது."

"கோழி இருக்கே டாக்டர்."

"கோழிய நான் பாத்துக்கிடுதேன்," என்றார் ஜெயராணி.

"முட்டைய?"

"அதையுந்தான்."

"அதான கேட்டேன்," என்று தங்கப்பழம் சிரித்தார். ஜெயராணி சிரிக்கவில்லை. நர்ஸ் காயத்தைக் கழுவி முடிக்கும்வரை அந்தக் காலை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அவர் பகவதிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பாதை ஒற்றையடி என்பதால் எனக்கும் கேட்டது. "நான் சொல்லித்தான் அவ வரல. அடுத்த மாசம்னு நான்தான் சொன்னேன்."

"ஆமா. நீங்க சொன்னா முடியாதவங்க வீட்ல இருக்காங்க. நீங்க சொன்னா சுகமா இருக்கறவங்க பவுடர் போட்டு வந்து லைன்ல நிக்கிறாங்க. நாலு மாசமா நான் சொல்லி யாரு வந்தா? எனக்கு அந்தக் குரல்தான் வேணும்."

முற்றத்தில் கூட்டம் அப்படியே இருந்தது. பகவதி சுருக்கமாகப் பேசினார். கூட்டத்தை எண்ண நான் வரவில்லை என்றார். இங்கே தேவை இல்லையோ என்ற சந்தேகத்தில் வந்தேன், சந்தேகம் தீர்ந்தது. கூலிக்குப் போய் மத்தியானம்தான் திரும்புகிறவர்களுக்குப் பத்து மணி உதவாது, நடக்க முடியாதவர்களுக்கு எந்த மணியும் உதவாது. எனவே அடுத்த மாதம் முதல் காலையில் வீடுகள், மத்தியானம் ஒன்றிலிருந்து நான்குவரை அறை. "எந்த வீட்டுக்கு மொதல்ல போகணும்னு ஜெயராணி அக்கா சொல்லணும். புதன்கிழமை இந்த மலையில அவங்கதான் எனக்கும் மேலதிகாரி."

ஜெயராணி சற்று யோசித்தார். "அப்படின்னா மொத உத்தரவு. அடுத்த தடவ இந்தச் செருப்பப் போட்டுட்டு வராதீங்க."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். பகவதியின் பாதத்தில் இரண்டு அட்டைகள் ரத்தம் உறிஞ்சிக்கொண்டிருந்தன. அதுவரை கவனிக்கவே இல்லை. நர்ஸ்தான் முதலில் சிரித்தார்.

அன்று வீட்டில் இருக்கச் சொல்லப்பட்ட மற்றவர்களையும் பார்த்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. மாணவர்கள் இருவரும் முருகனும் தங்கப்பழத்தை நாற்காலியோடு தூக்கி மேல் லயத்திலிருந்து இறக்கினார்கள். ஜீப்பின் பின்பக்கம் காலை நீட்டி உட்காரவைத்ததும் எனக்கென்று சொல்லியிருந்த இடம் தீர்ந்தது. பகவதி சங்கடத்தோடு பார்த்தார். 5.20க்குக் கடைசிப் பேருந்து இருக்கிறது என்றேன்.

பங்களாவை இனிப் பார்க்க நேரமில்லை என்று மாணவர்களும் என்னோடு வந்தார்கள். ஜெயராணி நிறுத்தம்வரை வந்து, உப்பைக் குறை, மாத்திரையைத் தொடங்கு, மாதமொருமுறை அளந்து பார் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். காலையில் வந்த அதே கண்டக்டர்.

"டாக்டரைக் கண்டோ சாரே?"

"கண்டேன். எனக்கு பிரஷராம்."

"மேலோட்டுப் போகும்போ இல்லாம இருந்ததா?" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து நண்பர் கடையில் விசாரித்தேன். தங்கப்பழத்தின் விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். வீடு திரும்பியதும் முட்டைக் கணக்கில் ஜெயராணியோடு ஒரு சண்டை நடந்திருக்கிறது. அடுத்த இரண்டாவது புதனும் ஜீப் மேலே போனது. முற்றத்தில் வரிசையே இல்லை, ஆனால் இறங்க ஐந்து மணி ஆகிவிட்டது என்றார் நண்பர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எந்தப் பேப்பரிலும் போட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்து நேரங்கள் மாறும், முதல் நாளே விதுரா நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போய்வரப் பேருந்துக்கு மட்டும் எனக்கு 146 ரூபாய். மேலே உணவுக் கடையை நம்பாதீர்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பும், கணுக்கால் மூடும் காலணியும் வேண்டும். சொந்த வண்டியில் போவதானால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே விசாரியுங்கள். லயத்து வீடுகளைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நீங்கள் போகும் நாள் இரண்டாவது புதனாக இருந்தால், சாயங்காலம் இறங்கும் ஜீப்பில் லிஃப்ட் கேட்காதீர்கள். சீட் காலியாகத்தான் தெரியும். அது யாருக்கு என்பதை ஜெயராணி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார்.