வாத்தியாருக்குக் கொடுத்த மான் வத்தல்

அப்போது ஒட்டுசுட்டானில் என் மகள் முதலாம் வகுப்புப் படித்தாள். வாயே திறக்காதவளைப் பாட்டுப் பாட வைத்துவிட்டார் அவளுடைய வாத்தியார். அந்த நன்றிக்கு, மூன்று நாள் காகம் விரட்டிக் காயவைத்த மான் இறைச்சி வத்தலைப் பொதிசெய்து அனுப்பினேன். மறுநாள் அவர் மகளிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கும் இன்னும் எழுத்து வரவில்லை. நன்றிக் கடிதம்தானே என்று சாமிப் படத்தடியில் வைத்துத் தினமும் பூ வைத்தேன்.

ஒரு கிழமை கழித்துப் பக்கத்து வீட்டு மச்சாள் வந்தாள்.

"உன்ரை வத்தலைப் பள்ளிக்கூடக் காவல்காரன் வீட்டிலையெல்லோ பொரிக்கினம். வாத்தியார் தூக்கிக் குடுத்திட்டாராம்."

எனக்குப் பற்றி எரிந்தது. நேரே பள்ளிக்கூடம் போனேன்.

"ஏன் வாத்தியார், எங்கட சாமான் உங்களுக்கு ஆகாதோ? பிடிக்காட்டித் திருப்பித் தந்திருக்கலாமே?" என்று பிள்ளைகள் முன்னால் கத்தினேன்.

அவர் எழுந்து நின்றார். "நான் சைவம் அம்மா, மச்சம் தொடுறேல்லை. எல்லாம் கடிதத்திலை எழுதினனானே. வாசிக்கேல்லையோ?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள், "அம்மா அதுக்குப் பூ வைக்கிறவா, சேர்."

அவர் சிரிக்கவில்லை. "பிழை என்ரை அம்மா. நேரிலை வந்து சொல்லியிருக்கோணும்" என்றார்.

யாரிடமாவது வாசித்துக் காட்டச் சொல்ல வெட்கப்பட்டவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

காட்டில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் மகளே அந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். மறுநாள் ஓர் ஓலைப்பெட்டி நிறையப் பழத்தோடு அவரிடம் போனேன்.

இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், சிரித்துக்கொண்டே.